அங்குட்டுப் பக்கத்து அணுக்கள்

கட்டுரையில் போட்ட படம் தவறு என்று தெரிந்த பிறகும் எங்கள் பேராசிரியர் பொய் சொன்னார். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் ஆராய்ச்சிப் பதிவு ரத்தானது. அவருக்குத் தெரியாது என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். நான்தான் அவரிடம் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அந்தத் தாளைப் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம் அவள் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவின் முன்னால் உட்கார்ந்து, அவளுக்குக் கை சரியில்லை என்றார்.

அந்தப் படத்தைச் செய்தவன் நான். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதில் ஒரு பேட்டரி லேப். பேராசிரியர் அதற்குத் தலைவர். நான் அங்கே கணினியில் வேலை செய்த ஆராய்ச்சி மாணவன். அவள் அதே லேபில் கையால் வேலை செய்தவள். தூளை அரைப்பாள், அழுத்துவாள், சுடுவாள், பேட்டரியாகக் கோத்து ஓட்டிப் பார்ப்பாள். காளையார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். வீட்டில் வானம் பார்த்த கொஞ்ச நிலம், மற்றபடி கூலி வேலை. இரண்டு பேருந்து மாறி வந்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் லேபைத் திறப்பவள் அவள்தான். என்னை அண்ணே என்பாள்.

நாங்கள் செய்தது திடநிலை பேட்டரி. உங்கள் போனில் இருக்கிற பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது, தீப்பிடிக்கிற திரவம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பீங்கான் மாதிரி ஒரு வெள்ளை வில்லையை வைப்பது எங்கள் வேலை. அந்த வில்லையை பெல்லட் என்போம். பெல்லட்டின் ஒரு பக்கத்தில் லித்தியம் என்ற உலோகத் தகடு ஒட்டி உட்காரும். தலைவலி முழுவதும் அந்த இரண்டும் தொடுகிற இடத்தில்தான். திரவமாக இருந்தால் எங்கும் நனைத்துக்கொண்டு போகும். திடத்தின் மேல் திடத்தை வைத்தால் அங்கங்கேதான் தொடும். தொட்ட இடத்தில் லித்தியம் பெல்லட்டை அரிக்கும். அரித்த இடம் கறுக்கும். கறுத்தால் அந்த பேட்டரி செத்தது.

புத்தகத்தில் அந்த இடத்துக்கு இடைமுகம் என்று பெயர். எங்கள் லேபில் சம்பந்தம் என்போம். லித்தியம் பெண் வீடு, பெல்லட் மாப்பிள்ளை வீடு. இரண்டின் அணு வரிசையும் ஒன்றன் மேல் ஒன்று எவ்வளவு ஒத்து உட்காருகிறது என்று கணக்குப் போடுவதற்குப் பொருத்தம் பார்ப்பது என்று பெயர். பத்துக்கு எத்தனை என்று கேட்டுச் சிரித்துக்கொள்வோம்.

கணினிக்குள் அந்தச் சம்பந்தத்தை நடத்தி வைப்பவன் நான். அணு அணுவாக அடுக்கி, சூடேற்றி, ஓட விட்டு, எது எங்கே நகர்கிறது என்று பார்ப்பேன். பெல்லட்டை உடைக்காமல் அதன் உள்ளே எட்டிப் பார்க்க நல்ல வழி அது. ஒழுங்காகச் செய்தால் உள்ளதைச் சொல்லும். ஒழுங்கில்லாமல் செய்தாலும் எதையாவது சொல்லும், அதுவும் வண்ணப் படமாகச் சொல்லும். அந்தத் தொழிலின் அசிங்கமே அதுதான்.

கணினிக்குக் கொடுக்கிற கட்டளை ஃபைலை யாரும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. முன்னால் இருந்தவர் எழுதியதை எடுத்து, எண்ணை மாற்றி ஓட்டுவோம். எனக்குக் கிடைத்தது கீழச்சிவல்பட்டிக்கார சீனியர் ஒருவருடைய ஃபைல். அவர் அப்போதே வெளிநாடு போய்விட்டார். அணுக்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு இங்குட்டு என்றும் இன்னொன்றுக்கு அங்குட்டு என்றும் பெயர் வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பொருள்; ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்திருந்தார். வேற்றூர்க்காரன் திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது என்று எங்களுக்கு அதில் ஒரு பெருமை. அங்குட்டுக் கூட்டம் அசையக் கூடாது என்று கட்டளை. அதில் தப்பில்லை. அடுக்கு மொத்தமும் மிதந்து போய்விடாமல் இருக்க, ஓரத்தில் கிடக்கிற இரண்டு மூன்று வரிசையை எல்லோருமே கட்டித்தான் போடுவார்கள்.

அவர் பெல்லட்டை மட்டும் தனியாக வைத்து ஓட்டியவர். பெல்லட்டின் மேல்முகம் அவருக்கு இங்குட்டு. அடிப்பக்கம் அங்குட்டு. நான் லித்தியத்தைக் கொண்டுவந்து அந்த அடிப்பக்கத்தில் வைத்தேன். கீழே உலோகம், மேலே பெல்லட் என்று இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று சார் ஆசைப்பட்டார். அப்படி வைத்ததும் சீனியரின் ஓரம் எனக்கு நடு ஆகிவிட்டது. உயரத்தை வைத்துக் கூட்டம் பிரித்திருந்ததால் லித்தியத்தின் மேல் வரிசையும் அந்தக் கூட்டத்தில் போய் மாட்டியது. எந்த இடத்தில் அடிதடி நடக்குமோ அந்த இடத்து அணுக்கள் அத்தனைக்கும் கை காலைக் கட்டிப் போட்டுவிட்டு, நான் சூடேற்றி வேடிக்கை பார்த்தேன். பேச வந்த நாளிலிருந்து அங்குட்டு இங்குட்டு என்று பேசுகிறவன் நான். சொல்கிறவன் எங்கே நிற்கிறானோ அதைப் பொறுத்து அங்குட்டு மாறும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு உறைக்கவில்லை.

படம் அழகாக வந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, லித்தியம் ஒரு பக்கம், பெல்லட் ஒரு பக்கம், நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை.

"ஏம்ப்பா, கண்ணாடி மாதிரியில்ல இருக்கு" என்றார் பேராசிரியர். என் தோளைத் தட்டினார்.

அவருடைய தூள் கலவையில் செய்த பெல்லட்டை லித்தியம் அரிக்கவே அரிக்காது என்று கட்டுரை போனது. மதிப்பிட்டவர்கள் படத்தைப் பார்த்தார்கள், ஃபைலைக் கேட்கவில்லை. கட்டுரை வெளிவந்ததும் கல்லூரி வாசலில் பிளக்ஸ் வைத்தார்கள். என் அணுக்களின் மேல் அவர் முகம், கைகட்டி நிற்கிற அவர் உருவம், கீழே வாழ்த்துவோர் பட்டியல். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளை விடுதியாக மாற்றிய ஒரு பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டார். அங்கேயும் அந்தப் படத்தை ஒரு தாங்கியில் நிறுத்தியிருந்தார்கள். தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் அது நிற்பதைப் பார்த்து எனக்குப் பூரிப்பாக இருந்தது.

அந்தக் கலவையில் பெல்லட் செய்தவள் அவள்தான். செய்து, லித்தியத்தை ஒட்டி, ஓட்டிப் பார்த்தாள். கறுத்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் கறுத்தது. நோட்டில் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு, கறுத்தது என்று எழுதினாள். பேராசிரியர் பக்கத்தில் சிவப்பு மையில் கைப்பிழை என்று எழுதினார்.

வாராந்திரக் கூட்டம் ஒன்று. நாங்கள் ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"சார், இந்தத் தடவையும் கறுத்துருச்சு" என்றாள்.

"கறுக்காதும்மா. கறுக்காதுன்னு இந்தா கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல."

"கம்ப்யூட்டர் சொல்லுது சார். பெல்லட்டு கேக்க மாட்டேங்குது."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பேராசிரியருக்கு முகம் சுருங்கியது.

"ஒனக்குக் கைராசி இல்லத்தா. வயக்காட்டுக் கை. வேர்க்கத்தான் செய்யும். லித்தியத்துக்குத் தண்ணி ஆகாதுன்னு நான் சொல்லணுமா?"

இதற்கு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். லித்தியத்தை எந்த லேபிலும் வெறுங்கையால் யாரும் தொடுவதில்லை. ஆர்கான் வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதன் சுவரில் தோள் வரைக்கும் வருகிற தடித்த ரப்பர் உறை பொருத்தியிருக்கும். அந்த உறைக்குள் கையை விட்டுத்தான் வேலை. உறைக்கு உள்ளே இருக்கிற கை உண்மையில் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. கையில் ஆறாக வேர்வை ஓடினாலும் ஒரு சொட்டு லித்தியத்தின் மேல் படாது. சிரித்த அத்தனை பேருக்கும் இது தெரியும். பெட்டியை வாங்கி வைத்தவருக்கும் தெரியும். பட்டம் வாங்கியவர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில் கைராசி என்று ஒரு சொல் விழுந்தது, ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் ரப்பர் உறைக்குள் ஒரு துணி உறையும் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். தேவையில்லை என்று அவளுக்கே தெரியும். வேறு எதையும் காட்ட முடியாதபோது ஒருத்தி அதையாவது காட்டிப் பார்க்கிறாள்.

கைராசிக்காரன் என்று சொல்லி, பேராசிரியர் இன்னொரு மாணவனிடம் அதே வேலையைக் கொடுத்தார். அவனுடையதும் கறுத்தது. அவன் அதை நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் கேன்டீனில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒரு ஒதவி. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுத்தா."

"ஒங்க படத்துல எது எம்புட்டு நகருதுன்னு வரிசை வரிசையா நம்பர் கெடைக்குமா?"

"கெடைக்கும். ஒனக்கு எதுக்கு?"

"எதுக்கா? என் கைதான் கோளாறுன்னா எந்த எடத்துல கோளாறுன்னு தெரியணும்ல. ஒங்க ஆளுக எப்படி அம்புட்டு ஒழுக்கமா ஒக்காந்திருக்காகன்னு பாத்துட்டு, என் ஆளுககிட்டப் போயிச் சொல்றேன். பாருங்கப்பா, அங்க எல்லாரும் அடங்கி இருக்காக, நீங்க மட்டும் ஏன் இந்த ஆட்டம் போடுறீகன்னு."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். மத்தியானம் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். மேல் வரிசைகள் நகர்ந்திருந்தன. கீழே லித்தியம் நகர்ந்திருந்தது. நடுவில், இரண்டும் தொடுகிற இடத்தில், பூஜ்யம். கொஞ்சம் என்று இல்லை, சுத்தமான பூஜ்யம். சூட்டில் இருக்கிற அணு நடுங்கிக்கொண்டே இருக்கும், சும்மா நிற்காது. கொதிக்கிற உலைப் பானையில் நடுவில் ஒரு வட்டத்துத் தண்ணீர் மட்டும் அலுங்காமல் நின்றால் எப்படியோ, அப்படி இருந்தது என் முன்னால் இருந்த கணக்கு.

ஃபைலைத் திறந்தேன். அங்குட்டு என்ற சொல் கண்ணில் பட்டது. உடனே சீனியரைப் போனில் கூப்பிட்டேன், அவர் இருக்கிற நாட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"அண்ணே, ஒங்க ஃபைல்ல அங்குட்டுன்னு போட்டிருக்கீகளே. அது எங்குட்டுண்ணே?"

"என்னடா கேள்வி இது, காலங்காத்தால. அங்குட்டுன்னா அடிப்பக்கம். ஓரத்துல சும்மா கெடக்குறது. ஏன்?"

"அடியில நான் லித்தியத்த வச்சேண்ணே."

"அட நாசமாப் போறவனே. அப்ப நீ சம்பந்தத்தையே கட்டிப் போட்டுல்ல ஓட்டியிருக்க."

"கட்டுரை வந்துருச்சுண்ணே."

"பாத்தேன். நானும்ல அதுக்கு வாழ்த்துச் சொன்னேன்."

கட்டை அவிழ்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன். முடியும் வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்திலேயே பெல்லட்டின் ஆக்சிஜன் லித்தியப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. எல்லைக் கோடு கலைந்தது. வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கூளமாகக் கிடந்தன. அவள் பல மாதமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததை என் கணினி இப்போதுதான் ஒத்துக்கொண்டது.

அவளிடம் போய்ச் சொன்னேன். பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கையை வெளியே எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப என் கை?"

"ஒன் கைக்கு என்னத்தா. நல்ல கைதான்."

"நல்ல கைன்னு எனக்குத் தெரியும். சாருக்கு யாரு சொல்றது? நான் சொன்னா ஏறாது. நீங்க சொல்லுங்க. அடுத்த வாரம் எனக்குக் குழு இருக்கு. அதுக்கு முன்னாடி சொல்லுங்கண்ணே."

குழு என்றால் ஆராய்ச்சி மாணவர்களின் வேலையைப் பார்த்து, தொடரலாமா வேண்டாமா என்று முடிவு சொல்கிறவர்கள். அவளுக்கு ஏற்கெனவே ஒருமுறை எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். இதுதான் கடைசி.

ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனேன். படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தவறு எப்படி நடந்தது என்று கேட்பார், பூஜ்யம் எத்தனை வரிசையில் என்று கேட்பார் என்று நினைத்துப் பதிலோடு நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் சார். எங்க சீனியருக்கும்."

"ஒன் தீசிஸ்ல இது எத்தனாவது சாப்டர்?"

"மூணு சார்."

"குடுத்தாச்சுல்ல?"

"குடுத்தாச்சு."

"அப்ப என்ன பேசுறோம்னு யோசிச்சுப் பேசணும்ப்பா. ஒன் பட்டத்த நீயே வேணாங்குற. ஒங்க அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு, மகன் டாக்டராகப் போறான்னு."

"அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் குழு சார்."

"அது வேற, இது வேற."

தாளை மடித்தார். பையில் வைத்தார். மேசையில் பிள்ளையார்பட்டியிலிருந்து வந்த மோதகம் ஒரு பொட்டலத்தில் இருந்தது. எடுத்துக்கப்பா என்று நீட்டினார். எடுத்துக்கொண்டேன். வராந்தாவில் நின்று தின்றேன். என்னைப் பற்றி நான் சொல்ல வெட்கப்படுகிற விஷயங்களில் இது முதலாவது.

இரண்டாவது, குழு கூடிய நாள். குழு அவளுக்குத்தான் என்றாலும் நானும் கல்லூரிக்குப் போய், கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் சொல்வோம் என்று மடிக்கணினியையும் கொண்டுபோயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவள் வெளியே வந்தபோது அழவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"என்னத்தா ஆச்சு?"

"முடிஞ்சதுண்ணே. கணக்கீட்டில் நிரூபிக்கப்பட்டதைச் செய்முறையில் கொண்டுவர இயலவில்லைன்னு எழுதிட்டாக."

"என்னையப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன். அண்ணன் எழுதிக் குடுத்திருக்காக, சார்ட்டக் கேளுங்கன்னேன். அப்படி எதுவும் என்கிட்ட வரலைன்னுட்டாக. கை சரியில்ல, நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்னாக."

"நான் வெளியதான் இருந்தேன். என்னையக் கூப்பிடலத்தா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கதவு தெறந்துதாண்ணே கெடந்துச்சு."

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. வெளியூரில் வேலையும் கிடைத்தது. அங்கேயும் இதே வேலைதான். திடத்தோடு திடம் தொடுகிற இடத்தைக் கணினிக்குள் கட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் அணுக்களைக் கூட்டமாகப் பிரிக்கிற வரியை அடித்துவிட்டு, எது எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்ப்பேன். அவள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறாள். பதிவைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மனு போட்டிருக்கிறாள். அவர்கள் பேராசிரியரிடம் விளக்கம் கேட்டார்கள். பதில் வரவில்லை. இரண்டாம் முறை கேட்டார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. மனு அந்த ஒரு வரியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வயது வரம்பு என்று ஒன்று இருக்கிறது, அது யாருக்காகவும் நிற்காது.

நான் செய்ய வேண்டியதைத் தாமதமாகச் செய்துவிட்டேன். என் தீசிஸின் மூன்றாம் அத்தியாயம் தவறு என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்னவோ, எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும். கட்டிப்போட்டு ஓட்டியது, அவிழ்த்து ஓட்டியது இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டேன். அரைகுறையாகத் தெரிந்தவனும் ஒரு நாளில் ஓட்டிப் பார்த்துவிடலாம். கட்டுரை வந்த இதழுக்கும் எழுதினேன். பொறுப்பாசிரியர் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறார். அங்கேயும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

முன்னாள் மாணவன் ஒருவன் வன்மத்தில் பேசுகிறான் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். வன்மம் இருக்கிறது, மறைக்கவில்லை. அருவருப்பு அதைவிட அதிகம் இருக்கிறது. அவர் மேல் பாதி, சிரித்தவர்கள் மேலும் என் மேலும் மீதி. அதெல்லாம் கணக்கில் வராது. வன்மக்காரன் ஓட்டினாலும் நல்லவன் ஓட்டினாலும் கட்டை அவிழ்த்தால் அந்த எல்லை கலையத்தான் செய்யும்.

அடுத்த மாதம் அதே கல்லூரியில் கருத்தரங்கு. தலைமை உரை அவருடையது. அழைப்பிதழில் அந்தப் படம் அச்சாகியிருக்கிறது. நான் வருகிறேன். வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார மாட்டேன், முன் வரிசையில் உட்காருவேன். அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். பள்ளியில் விடுப்புக் கேட்டிருப்பதாகச் சொன்னாள்.

சார், உங்களிடம் நான் கேட்பது மன்னிப்பு இல்லை. கட்டுரையை என்ன செய்வது என்பதைக்கூட இதழ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு கேள்வி. பல்கலைக்கழகம் இரண்டு முறை கேட்டு நீங்கள் பதில் சொல்லாத கேள்வி அது. தனியாக அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம், கடிதத்தில் வேண்டாம். மேடையில், மைக் முன்னால், அவள் உட்கார்ந்து கேட்கும்படி சொல்லுங்கள். அந்தப் பெல்லட்டுகள் கறுத்தது அவள் கையாலா, இல்லையா?